நான்கு மாதப் படிப்பு

ஏ.எஸ்.ராவ் நகர் தமிழ்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "பீடியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர்னா டாக்டரா, நர்ஸாங்க?" முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ஈ.சி.ஐ.எல்., என்.எஃப்.சி. என்று வேலைக்கு வந்து, இங்கேயே வீடு கட்டி, தெலுங்கில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்ட குடும்பங்கள் இவை. பெண்ணோ, மருமகளோ, அண்ணன் மகளோ பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து அமெரிக்கா போயிருப்பாள். நாலைந்து வருஷம் வார்டில் வேலை பார்த்தபிறகு திடீரென்று ஒருநாள் போனில், "மேலே படிக்கப்போறேன், குழந்தைங்களுக்கான நர்ஸ் ப்ராக்டிஷனர்" என்பாள். இங்கே அப்பா கணக்குப் போட ஆரம்பிப்பார். சம்பந்தி வீட்டில் வேறு மாதிரி கேட்பார்கள்: "ஊசி போடற வேலைக்கு எதுக்கு மாஸ்டர்ஸ்?"

ஒரு வரியில் பதில் சொல்வதானால், நர்ஸ்தான். ஆனால் குழந்தையைத் தானே பரிசோதித்து, என்ன கோளாறு என்று தானே முடிவு செய்து, மருந்துச் சீட்டையும் எழுதிக் கொடுக்கிற நர்ஸ். இந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது வருஷக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், படிப்பு இதில் சின்ன விஷயம் என்பது புரியும். முடிவெடுக்கும் உரிமையை வாங்குவதில்தான் காலம் போயிருக்கிறது, அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

கதை ஆரம்பிப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1965-ல். லொரெட்டா ஃபோர்ட் என்று ஒரு அம்மாள். 1920-ல் நியூயார்க்கின் ப்ராங்ஸில் பிறந்தவர். நியூஜெர்ஸியில் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் படிக்கும் டிப்ளமா நர்ஸிங் முடித்தார். நிச்சயிக்கப்பட்டிருந்த பையன் இரண்டாம் உலகப்போரில் இறந்துபோக, தானும் ராணுவ நர்ஸாகச் சேர்ந்தார். கண்பார்வை காரணமாக வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. போர் முடிந்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் பட்டம், அதன்மேல் முதுகலை, 1961-ல் டாக்டரேட். இடையில் போல்டர் மாவட்டத்தில் பொது சுகாதார நர்ஸ் வேலை.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். மலையும் பண்ணையுமான கிராமப்புறம், டாக்டர் அபூர்வம். குழந்தைகளை எடை போட்டு, வளர்ச்சி பார்த்து, தடுப்பூசி போட்டு, தாய்க்குப் புத்தி சொல்லி, இது சாதாரண சளி, இதை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று பிரித்துச் சொல்வதெல்லாம் நர்ஸ்கள்தான். நம்மூர்க் கிராமத்து நர்சம்மாவைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. செய்கிற வேலை ஒன்று, காகிதத்தில் எழுதியிருக்கிற வேலை வேறொன்று. ஃபோர்ட் யோசித்தது இதைத்தான்: ஏற்கெனவே செய்வதை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்து, வெளிப்படையாகச் செய்ய விட்டால் என்ன?

அதே பல்கலைக்கழகத்தில் ஹென்றி சில்வர் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். அவருடைய கவலை எதிர்த்திசையிலிருந்து வந்தது. குழந்தை வைத்தியரின் நாளில் பெரும்பகுதி நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்ப்பதிலும் சளி, இருமல், காதுவலியிலுமே போய்விடுகிறது, வைத்தியரோ போதவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து 1965-ல் ஆரம்பித்ததுதான் உலகத்தின் முதல் பீடியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர் பயிற்சி. ஏற்கெனவே பட்டம் பெற்ற நர்ஸ்களுக்கு, டென்வரில் உள்ள மருத்துவ மையத்தில் நான்கு மாதம் தீவிரப் பயிற்சி. பிறகு வெளியே, வசதி குறைந்த பகுதிகளில் இருந்த நிலையங்களில் வேலை.

நான்கு மாதத்தில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்? குழந்தையின் முழு விவரத்தைத் தாயிடம் கேட்டு வாங்குவது. தலை முதல் கால் வரை பரிசோதிப்பது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சைக் கேட்பது, காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பது. (அந்தக் காலத்தில் இதெல்லாம் டாக்டர் வேலை.) எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும், எது தாமதம், எது பயப்பட வேண்டியது. சின்ன வியாதிகளைத் தானே கவனிப்பது. இவ்வளவுதான். பயிற்சி முடித்தவர்கள் அந்த நிலையங்களுக்கு வந்த குழந்தைகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய முழுதாகத் தாங்களே கவனித்துக்கொள்ள முடிந்தது என்று சில்வரும் ஃபோர்டும் 1968-ல் எழுதினார்கள். முதலில் பயிற்சி பெற்ற சூசன் ஸ்டியர்லி என்ற நர்ஸின் பெயர், 1967-ல் வெளியான முதல் கட்டுரையிலேயே அவர்கள் இருவர் பெயரோடும் சேர்ந்து வந்திருக்கிறது. மாணவியின் பெயரைக் கட்டுரையில் போடுகிற வாத்தியார்கள் நல்ல வாத்தியார்கள்!

சரி, டாக்டர்கள்தானே எதிர்த்திருப்பார்கள் என்று நினைப்போம். முதல் எதிர்ப்பு வந்தது நர்ஸ்களிடமிருந்து. நர்ஸிங் கல்வியில் பெரிய பெயர்களாக இருந்தவர்களே, இது நர்ஸை அரை டாக்டராக்கும் வேலை, நமது தொழிலின் தனித்தன்மை போய்விடும் என்றார்கள். மார்த்தா ராஜர்ஸ் போன்ற சிந்தனையாளர் இதைக் கடுமையாகத் தாக்கினார். இது ஏதோ கொலராடோவுக்கு மட்டும் நடந்ததல்ல. சில வருஷம் முன்பு வட கரோலினாவில் உள்ள ட்யூக் பல்கலைக்கழகத்தில் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸும் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டரும் நர்ஸ்களுக்கு இதே போன்ற மேல்படிப்பு ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். நர்ஸிங் கல்விக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு கையை விரித்துவிட்டது. ஸ்டெட் வெறுத்துப்போய், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து வெளியே வந்த ஆண்களைக் கூப்பிட்டு 1965-ல் வேறொரு படிப்பு ஆரம்பித்தார். அமெரிக்காவில் இன்று 'பி.ஏ.' என்று சொல்கிற ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்ற தொழில் பிறந்தது அப்படித்தான். நர்ஸ்கள் வேண்டாம் என்று தள்ளிய கதவு வழியாக வேறு ஆட்கள் உள்ளே போனார்கள்.

ஃபோர்ட் கடைசிவரை ஒரே வாதத்தைத்தான் சொன்னார். இது டாக்டர் வேலையில் ஒரு துண்டை வாங்கிக்கொள்வது அல்ல, பொது சுகாதார நர்ஸ் எப்போதும் செய்துவந்ததன் நீட்சி. டாக்டர் பற்றாக்குறை அதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தது, அவ்வளவே. எனக்கு இந்த வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் சில்வர் இதற்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நர்ஸ் அல்லாதவர்களுக்கும் சேர்த்து, குழந்தைகளுக்கென்றே 'சைல்ட் ஹெல்த் அசோசியேட்' என்ற தனிப் படிப்பைத் தொடங்கினார். 1969-ல் கொலராடோ சட்டசபை அவர்களுக்காகத் தனிச் சட்டமே போட்டது. படிப்பு மட்டும் இருந்தால் போதாது, சட்டம் வேண்டும் என்பதை அந்த மனிதர் சீக்கிரமே புரிந்துகொண்டிருந்தார்.

நர்ஸ்களுக்கு அந்தச் சட்டம் மாநிலம் மாநிலமாக, பல்லைப் பிடுங்குவதுபோல் வந்தது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் நர்ஸ் ப்ராக்டிஷனர் வேலையின் பகுதி என்று முதலில் சட்டத்தில் எழுதிக்கொண்டது ஐடஹோ, 1971-ல். உருளைக்கிழங்குக்குப் பெயர்போன, டாக்டர் கிடைக்காத மாநிலம். 1973-ல் குழந்தைகளுக்கான நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்தார்கள். 1975-ல் தேர்வு நடத்திச் சான்று தருவதற்கான வாரியம் அமைந்தது. 1974-ல் கனடாவின் பர்லிங்டன் நகரிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. குடும்பங்களைச் சீட்டுப் போடுவதுபோல் பிரித்து, சிலரை டாக்டரிடமும் சிலரை நர்ஸ் ப்ராக்டிஷனரிடமும் அனுப்பிப் பார்த்ததில், இரண்டு பக்கமும் ஆரோக்கியத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு வந்ததும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். காசு என்று ஒன்று இருக்கிறதே! ஏழைக் குடும்பங்களுக்கான மெடிக்கெய்ட் திட்டம், குழந்தைகளுக்கான நர்ஸ் ப்ராக்டிஷனரின் பில்லுக்கு எல்லா மாநிலங்களிலும் பணம் தந்தாக வேண்டும் என்று மத்திய சட்டம் வந்தது 1989-ல். முதல் வகுப்பு நடந்து 24 வருஷம் கழித்து. அதாவது, பயிற்சிக்கு 4 மாதம், பில்லுக்கு 24 வருஷம்.

இன்றும் முழுச் சுதந்திரம் எல்லா இடத்திலும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் ப்ராக்டிஷனர் தனியாகவே இயங்கலாம். மற்றவற்றில் ஏதோ ஒரு டாக்டரின் கையெழுத்தோ ஒப்பந்தமோ வேண்டும். வேலை மாறி மாநிலம் மாறும் நம் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சம்பளத்தைப் பார்த்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சட்டத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை, உரிமை மெதுவாக ஊர்ந்து வந்த அதே காலத்தில் படிப்பு மட்டும் ஓடி ஓடி உயர்ந்தது. நான்கு மாதச் சான்றிதழ் படிப்புகள் எண்பது, தொண்ணூறுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, மாஸ்டர்ஸ் கட்டாயமானது. 2004-ல் நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம், 2015-க்குள் எல்லோருக்கும் டாக்டரேட் என்றது. 2015 வந்தது, போனது. 2018-ல் இன்னொரு அமைப்பு 2025 என்றது. அதுவும் வந்து போயிற்று. மாஸ்டர்ஸ் இன்னும் நடக்கிறது. போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: முதலில் சேர்ந்தவர்கள் வேலை பார்த்து, தாய்மார்களிடம் பேசிப் பழகிய நர்ஸ்கள். அவர்களுக்கு நான்கு மாதம் போதுமாக இருந்தது அதனால்தான். இப்போது வார்டைப் பார்க்காமலே நேராக மேல்படிப்புக்குள் நுழைய வழியிருக்கிறது. வருஷத்தைக் கூட்டினால் அந்த அனுபவம் வந்துவிடுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

இனி இந்தியா. இந்தக் கதையில் நாம் பின்தங்கியவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் சரியல்ல. 1946-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருஷத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ்சி. நர்ஸிங் ஆரம்பமானது (1909-ல் ஐடா ஸ்கடர் காலத்தில் தொடங்கிய நர்ஸிங் பயிற்சியின் தொடர்ச்சி). டில்லியிலும் அதே வருஷம் நர்ஸிங் பட்டப்படிப்பு. மூன்றாவது, போர் கமிட்டி அறிக்கை. 'போர்' என்றால் யுத்தம் இல்லை, சர் ஜோசஃப் போர் தலைமையில் வெள்ளைக்காரன் அமைத்த சுகாதாரக் குழு. பிரிட்டிஷ் இந்தியாவின் சுமார் 30 கோடி ஜனங்களுக்கு அப்போது இருந்தது ஏறத்தாழ 47,500 டாக்டர்கள். நர்ஸ்கள் வெறும் 7,000. டாக்டரைவிட நர்ஸ் ஏழில் ஒரு பங்கு! 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்.

அந்த அறிக்கை இன்னொன்றும் சொன்னது. எல்.எம்.பி. டாக்டர்கள் என்று இருந்தார்களே, தாத்தா பாட்டி காலத்துக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள், குறுகிய காலம் படித்துவிட்டுக் கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர்கள், அந்தப் படிப்பே இனி வேண்டாம், ஒரே ஒரு வகை டாக்டர் போதும், அது எம்.பி.பி.எஸ்.தான் என்றது. குழுவில் ஆறு பேர் இதை ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய தேசத்துக்கு அவர்களும் வேண்டும் என்று தனியாக எழுதிவைத்தார்கள். எடுபடவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியே எல்.எம்.பி. பள்ளிதான் என்பதும், அது 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியானது என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

தரம் வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவே இருந்த படியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. பட்டதாரி நர்ஸை அங்கே நிறுத்தியிருக்கலாம், அப்போதுதான் பட்டப்படிப்பு தொடங்கியிருந்தது. நிறுத்தவில்லை. பிறகு எம்.எஸ்சி. நர்ஸிங்கும் வந்தது, டில்லியில் 1959-ல். குழந்தைகள் நல நர்ஸிங் என்று தனிப்பிரிவும் இருக்கிறது, இரண்டு வருஷப் படிப்பு. அதில் தேறியவர்களில் பெரும்பாலோர் எங்கே போனார்கள்? நர்ஸிங் கல்லூரிக்குப் பாடம் நடத்த. குழந்தைகளைப் பற்றி நன்றாகப் படித்தவர் குழந்தைகளிடமிருந்து தூரமாய்ப் போய் உட்கார்ந்தார். படித்ததைப் படுக்கையருகே பயன்படுத்த ஒரு பதவியும் இல்லாதபோது வேறென்ன செய்வார்கள்?

ஆனால் வேலை நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் கிராம சுகாதார நர்ஸ் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எடை குறைந்த குழந்தையைப் பார்த்துத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஃபோர்ட் போல்டரில் பார்த்த அதே நர்ஸ். அவருக்குத் தேவைப்பட்ட ஒரு அறிவு வேலூரிலேயே கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைக்கு வந்திருப்பது வெறும் சளியா, நிமோனியாவா? எக்ஸ்ரேயும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாமல் எப்படிச் சொல்வது? மூச்சை எண்ணு. சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் 1988-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள்: ஒரு வயதுக்குள் நிமிஷத்துக்கு 50-க்கு மேல், அதற்கு மேற்பட்ட சின்னக் குழந்தைக்கு 40-க்கு மேல் மூச்சு ஓடினால் அது நிமோனியாவுக்கு நல்ல அடையாளம். பப்புவா நியூகினியிலும் இதே போல ஆய்வு நடந்திருந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளின் மேல்தான் உலக சுகாதார நிறுவனம் விதி அமைத்தது. இன்றைக்கும் ஒரு நர்ஸ் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு வாட்ச்சைப் பார்த்தபடி வயிறு ஏறி இறங்குவதை எண்ணுகிறார் என்றால், அதில் வேலூருக்கும் பங்கு உண்டு.

அதாவது கண்டுபிடிக்கும் வித்தை இருந்தது. கண்டுபிடித்தபின் மருந்து கொடுக்கலாமா? அங்கேதான் முட்டிக்கொண்டது.

மகாராஷ்டிராவில் கட்சிரோலி. நம் தெலங்கானா எல்லைக்கு அந்தப்பக்கம், கோதாவரி தாண்டினால் போய்விடலாம். அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே கிராமத்துப் பெண்களுக்கு, அதுவும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்கு, பச்சைக் குழந்தையைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சீழ்ப்பிடித்து ரத்தத்தில் கலந்த தொற்று என்று தெரிந்தால் வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி போடும் வரைக்கும். 39 கிராமங்களில் நடந்த இந்த முயற்சியில், பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 என்று இருந்தது 25.5-க்கு இறங்கியது. பயிற்சி தராத கிராமங்களில் ஏறத்தாழ அப்படியே நின்றது. 1999-ல் லான்செட்டில் வெளிவந்து உலகமே பேசியது. மத்திய அரசு அதே ஊசியை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும், முறையாகப் படித்த ஏ.என்.எம். நர்ஸ் போடலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது 2014-ல். பதினைந்து வருஷம். அமெரிக்காவின் 24 வருஷத்தைப் பார்த்துச் சிரித்தோமே, வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். இடையில் எத்தனை பச்சைக் குழந்தைகள் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

'நர்ஸ் ப்ராக்டிஷனர்' என்ற பெயரையே இந்திய நர்ஸிங் கவுன்சில் முதுகலை அளவில் கொண்டுவந்தது 2016 டிசம்பரில். இரண்டு வருஷ ரெசிடென்சி, அதில் வகுப்பறை 20 சதவீதம், படுக்கையருகே 80 சதவீதம். இந்தப் பங்கீட்டைப் பார்த்தால் ஃபோர்ட் அம்மாள் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் எடுத்துக்கொண்ட துறை குழந்தைகள் அல்ல. தீவிர சிகிச்சை. ஐ.சி.யூ. இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால் அது முந்திக்கொண்டது என்பது என் ஊகம். அங்கும் அவர் வேலை செய்வது ஆஸ்பத்திரி வகுத்துவைத்த நெறிமுறைக்குள்தான்.

அடுத்தது பிரசவம். இதில் நம் ஹைதராபாத்துக்குப் பெருமை உண்டு. பொக்குலகுண்டாவில் 1948-ல் இரண்டு படுக்கையோடு ஆரம்பித்த ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி, 2011-லிருந்தே தன் நர்ஸ்களுக்கு மிட்வைஃப் பயிற்சி கொடுத்துவந்தது. 2017-ல் தெலங்கானா அரசும் யுனிசெஃபும் அவர்களோடு சேர்ந்து, கரீம்நகர் அரசு ஆஸ்பத்திரியில் 30 நர்ஸ்களுக்கு 18 மாதப் பயிற்சி தொடங்கினார்கள். காரணம் வெளிப்படையானது, சிசேரியன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தெலங்கானாவில் நூற்றுக்கு 60.7 பிரசவம் சிசேரியன். (தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம், நமது 44.9.) 2018-ல் மத்திய அரசே இதை எடுத்துக்கொண்டு, 'நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' என்று நாடு முழுக்க அறிவித்தது. படிப்பு அதே 18 மாதம்.

கரீம்நகர் முயற்சியில் கவனிக்க வேண்டியது, பயிற்சியோடு கூடவே இடமும் கொடுக்கப்பட்டது. சாதாரணப் பிரசவத்தை நீ பார்த்துக்கொள், சிக்கல் என்றால் டாக்டரைக் கூப்பிடு என்று வார்டில் எல்லை போட்டுக் கொடுத்தார்கள். படிக்கவைத்துவிட்டுப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பவில்லை. இதற்குமுன் எத்தனையோ பயிற்சிகள் வீணானது அப்படித் திருப்பி அனுப்பியதால்தான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். இங்கே எம்.எஸ்சி. குழந்தைகள் நல நர்ஸிங் முடித்த பெண் அங்கே போய் நேராக நர்ஸ் ப்ராக்டிஷனர் ஆகிவிட முடியாது. முதலில் என்.சி.எல்.இ.எக்ஸ். எழுதி நர்ஸாகப் பதிவு. பிறகு அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் படிப்பு ஒன்றில் சேர வேண்டும். ஏற்கெனவே முதுகலை வைத்திருப்பவர்களுக்கு அதைவிடக் குறுகிய, மாஸ்டர்ஸுக்குப் பிந்தைய சான்றிதழ் வழியும் உண்டு. நம் எம்.எஸ்சி.யை அதற்கு ஏற்பார்களா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத்தான் கேட்க வேண்டும். நோயின் இயங்குமுறை, உடல் பரிசோதனை, மருந்தியல் என்று மூன்று பாடங்கள் மேல்நிலையில் கட்டாயம். கூடவே நேரடியாகக் குழந்தைகளைப் பார்க்கும் நூற்றுக்கணக்கான மணிநேரம். பல ஆன்லைன் படிப்புகளில் அந்த மணிநேரத்துக்கு வழிகாட்டும் டாக்டரையோ நர்ஸ் ப்ராக்டிஷனரையோ மாணவியே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். ஃபீஸ் விவரத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுவது நல்லது. 2008-லிருந்து குழந்தைகள் பிரிவே இரண்டாக இருக்கிறது, ஒன்று வெளிநோயாளிக் குழந்தைகளுக்கு, இன்னொன்று ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கடுமையான நோயுள்ள குழந்தைகளுக்கு. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றில் சான்று வாங்க முடியாது. சேரும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

அவள் திரும்பி வந்தால்? இந்த நகருக்குப் பெயர் கொடுத்த ஏ.எஸ்.ராவ் ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1967-ல் ஈ.சி.ஐ.எல். என்று ஒரு நிறுவனத்தையே எழுப்பினார், அவர் கற்றதைப் பயன்படுத்த இங்கே அணுசக்தித் துறை காத்திருந்தது. கையில் பீடியாட்ரிக் நர்ஸ் ப்ராக்டிஷனர் சான்றிதழோடு ஹைதராபாத்தில் இறங்கும் பெண், அங்கே தினமும் எழுதிய அமாக்ஸிசிலின் சீட்டை இங்கே எழுத முடியாது.

லொரெட்டா ஃபோர்ட் 2025 ஜனவரி 22 அன்று, 104 வயதில் காலமானார். அமெரிக்காவில் அப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் இருந்தார்கள். அதில் குழந்தைகளுக்கானவர்கள் சின்னப் பங்குதான். குழந்தைகளை வைத்து ஆரம்பித்த தொழிலில் இன்று பெரும்பாலோர் குடும்பம் முழுவதையும் பார்க்கும் பிரிவுக்குப் போய்விடுகிறார்கள், அதில் வேலைவாய்ப்பு அதிகம் என்பதால்.

இங்கே தெலங்கானாவில், மிட்வைஃப் கையில் பிறக்கிற குழந்தையை முதல் நாட்களில் அவரே பார்த்துக்கொள்கிறார். பால் குடிக்கிறதா, மஞ்சள் காமாலை தெரிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று. அந்தக் குழந்தைக்கு எட்டாம் மாதம் இருமல் வந்தால், அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது 1953-ல் திறந்த அதே நிலோஃபர் ஆஸ்பத்திரி வரிசைக்குத்தான். அங்கே மூச்சை எண்ணத் தெரிந்த நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார், சீட்டு எழுத டாக்டர் வர வேண்டும்.